நாவற்காட்டுக் குதிரைப் பந்தய மன்றத்தின் மெய்யான வரலாறு

ஒரு காட்டில் குதிரைப் பந்தய மன்றம் ஒன்று இருந்தது. காட்டுக்கு நாவற்காடு என்று பெயர். மன்றத்தைத் தொடங்கியவர் பெரியகருப்பு என்ற எருமை. ஒரு கோடையில் குட்டை வற்றி, புரளச் சேறில்லாமல் அவர் சலித்துக் கிடந்தபோது இரண்டு குதிரைகள் எதற்கோ மிரண்டு புல்வெளியில் ஓடின. அன்றைக்கு அவருக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. இதையே வருடா வருடம் முறையாக நடத்தினால் என்ன என்று மற்றவர்களிடம் கேட்டார். அவர்களுக்கும் பொழுது போகவேண்டியிருந்தது. பெரியகருப்பு தலைவரானார்.

மன்றத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாரும் தாங்களாகவே வந்து உழைத்தார்கள். பன்றி ஓடுபாதையைக் கிளறிக் கொடுத்தது. முள்ளம்பன்றி வேலி கட்டியது. குரங்கு மைக்கைப் பிடித்தது. பிடித்ததை அப்புறம் விடவேயில்லை. கீரி டீ போட்டது. எல்லைக்கோட்டருகே நின்று யார் முதலில் வந்தது என்று சொல்லும் நடுவர் வேலையை வெள்ளைச்சாமி என்ற கொக்கு கேட்டு வாங்கிக்கொண்டார். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கக்கூடியவர் என்பதால் எல்லாருக்கும் சம்மதம். நிற்கும்போது தூங்கிவிடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் பந்தயத்திலேயே செண்பகம் என்ற செவலைக் குதிரை ஓடினாள். காட்டில் அவளைவிட வேகமானவர் கிடையாது. ஜெயித்து, மைக்கில் தன் பெயரைக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையும் கிடையாது. அவள் கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கி, வியர்வை காய்ந்த பிறகுதான் மற்றக் குதிரைகள் வந்தன. அந்தக் குளம்புச் சத்தத்தில் வெள்ளைச்சாமி கண் விழித்தார். எதிரே வந்த கிழட்டு மட்டக்குதிரையை முதலாவது என்று அறிவித்தார்.

செண்பகம் தலைவரிடம் போய் முறையிட்டாள். அவர் அசைபோடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்றது நியாயம்தான் தாயி. ஆனா வெள்ளைச்சாமி சும்மா வந்து வெயில்ல நிக்கிறாரு. சம்பளக்காரர்னா போகச் சொல்லலாம். சும்மா வர்றவரை எப்படிப் போகச் சொல்றது?"

அடுத்த வருடம் அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அதில் வந்தது வினை. அவள் எவ்வளவு சீக்கிரம் வந்தாளோ, கொக்கு விழிக்க அவ்வளவு நேரம் பாக்கி இருந்தது. ஒருமுறை வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பார்த்தாள். அன்றைக்கென்று வெள்ளைச்சாமி விழித்திருந்தார். அவள்தான் கடைசி என்று மிகச் சரியாகச் சொன்னார்.

குதிரைகள் எல்லாம் சேர்ந்து கேமரா வைக்கச் சொல்லிக் கேட்டன. மன்றம் உடனே ஒத்துக்கொண்டது. படம் எடுக்க வௌவால் தானாக முன்வந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எடுத்த படத்தில் குதிரைகள் வானத்தில் ஓடின. பின்னால் வந்தவை முன்னால் தெரிந்தன. கருவி பொய் சொல்லாது என்று கூறி மன்றம் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

அதன்பிறகு குதிரைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து ஊருக்கு வண்டியிழுக்கப் போய்விட்டன. வண்டியிழுத்தால் வண்டியிழுத்ததாகவாவது சொல்கிறார்கள் என்று அவளையும் கூப்பிட்டன. செண்பகம் போகவில்லை. போட்டியிட ஆளே இல்லாதபோது தன்னை எப்படித் தோற்கடிப்பார்கள் என்று கணக்குப் போட்டாள்.

அந்த வருடப் பந்தயத்தில் அவள் ஒருத்திதான் ஓடினாள். வழக்கம்போல நல்ல கூட்டம். செண்பகம் காற்றாய் வந்து கோட்டைத் தாண்டினாள். அறிவிப்பு வரவில்லை. திரும்பி வந்து கோட்டருகே காத்து நின்றாள். அந்த நேரம் பார்த்து, நடுவருக்கு டீ எடுத்துக்கொண்டு கீரி கோட்டைக் கடந்தது. டீ வாசனைக்கு வெள்ளைச்சாமி கண் விழித்தார்.

"முதலாவது கீரி," என்றார். "ரெண்டாவது செண்பகம்."

வெற்றிமாலை கீரிக்குப் பெரிதாக இருந்ததால் அதைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது. செண்பகம் அன்றைக்குப் புல்லைத் தொடவில்லை. கோபம்கூட வரவில்லை. தன் நாலு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் தலைவரிடம் போனாள்.

"இனிமே நான் ஓடல, தலைவரே. நானும் சும்மா வந்து வேலை செய்றேன்."

தலைவருக்கு மனம் குளிர்ந்தது. என்ன வேலை என்று கேட்டார்.

"நடுவர் வேலை."

ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே என்று பெரியகருப்பு தயங்கினார். ஆனால் சும்மா வருகிறவளை வேண்டாம் என்று சொல்லி மன்றத்தில் பழக்கமில்லை. கொக்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளச் சொன்னார்.

அடுத்த பந்தயத்துக்கு ஓடக் குதிரை இல்லை. கீரியே ஜெயித்தபிறகு அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. எருமை ஓடினார், பன்றி ஓடியது, முள்ளம்பன்றி ஓடியது, நத்தைகூடப் பெயர் கொடுத்தது. பன்றி முந்திக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டியது. வெள்ளைச்சாமி நல்ல தூக்கத்தில் இருந்தார். செண்பகம் குரங்கு பிடித்திருந்த மைக்கிடம் குனிந்தாள்.

"முதலாவது செண்பகம்."

கூட்டத்தில் ஒரு முயல் எழுந்து, அவள் ஓடவே இல்லையே என்று கேட்டது. வெயிலில் சும்மா வந்து நிற்கிறவள் மனம் நோகப் பேசக்கூடாது என்று பெரியகருப்பு, கடைசிக்கு முந்தின இடத்தில் வந்துகொண்டே, மூச்சிரைக்க அதட்டினார். கூட்டம் கொஞ்சநேரம் யோசித்தது. காட்டிலேயே வேகமானவள் அவள்தான். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து முதலிடம் சரியான ஆளுக்குப் போனது இதுதான் முதல்தடவை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பன்றியும் தட்டியது.

அதிலிருந்து வருடாவருடம் அவளே முதலாவது. வயிறு சரிந்து, குளம்பு வளர்ந்து, கோடுவரை நடந்து வருவதற்கே மூச்சு வாங்கிய வருடத்திலும் அவளுடைய வேகத்தை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

நீதி: பந்தயத்தில் ஜெயிக்க நினைப்பவர் கால்களை நம்பி ஓடக்கூடாது; கோட்டருகே சம்பளமில்லாத வேலை ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.