அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு புளிசாதக் கடை

நியாயமான போட்டி என்றால் என்ன என்று கல்லூரியில் வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். நன்றாகவே நடத்துவேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதே பாடத்தில், கிரிவலப் பாதையில், ஒலிபெருக்கி வைத்து ஊரே கேட்க ஃபெயில் ஆனவன் நான் என்பதை மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்போது சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். (இருந்தேன் என்பது மரியாதைக்கு. படுத்திருந்தேன்.) அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். எனக்கோ திருவண்ணாமலையை விட்டுப் போக மனசே இல்லை. சொந்தமாக வியாபாரம் செய்யப்போகிறேன் என்றேன். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான்.

"வர்ற பௌர்ணமிக்கு இருநூறு பொட்டலம் புளிசாதம் வித்துக் காட்டு. வித்துட்டா இங்கயே இரு. ஒண்ணு மீந்தாலும் திங்கக்கிழமை பஸ் ஏறிடணும்."

இருநூறு என்ன, இரண்டாயிரம் விற்பேன் என்று சவால் விட்டேன். மலையைச் சுற்றும் கூட்டத்தில் பாதிப்பேருக்குப் பசிக்காதா என்ன?

விடிவதற்கு முன்பே அம்மாவும் அண்ணியும் எழுந்து சமைத்து, ஆறவைத்து, இலையில் கட்டி முடித்தார்கள். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில், சித்தப்பா வீட்டு வாசலில் கடை. நிழலுக்கு அவர் வீட்டு ஷீட், ஃபேனுக்கு அவர் வீட்டு கரண்ட். என் பங்குக்கு நான் ஒரு பேனர் எழுதினேன். 'தரம் எங்கள் மூச்சு, போட்டி எங்கள் பேச்சு.' (அடுக்குமொழி வந்துவிட்டால் எனக்கு நிதானம் போய்விடும்.)

பக்கத்தில் செல்வி அக்கா. மாதா மாதம் பௌர்ணமிக்கு அதே இடத்தில் புளிசாதம் விற்பவர். பொட்டலம் நாற்பது ரூபாய். நான் இருபத்தைந்து என்று எழுதி மாட்டினேன்.

"இன்னாபா, இந்த வெலைக்குக் கட்டுப்படி ஆவுதா?" என்றார்.

"போட்டின்னா அப்படித்தாங்க்கா. யாரு கம்மியா தர்றாங்களோ அவங்ககிட்டதான் ஜனம் வரும்."

அவர் பாத்திரத்தை மூடிவைத்தார். பதினோரு மணிக்குள் எண்பது பொட்டலம் விற்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூரை நினைத்தால் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு எதிரே ஒரு வேன் வந்து நின்றது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஆட்களோடு இறங்கினார். அரை மணி நேரத்தில் பந்தல் எழுந்தது. அன்னதானம். ஆவி பறக்கும் சாம்பார் சாதம். விலை, பூஜ்யம்.

என் கூட்டம் அப்படியே சாலையைக் கடந்து போனது. ஒருவர் என்னிடம் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் சாப்பிட்டவர், திரும்பி வந்து என் கையிலேயே கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி, அங்க அப்பளமும் தர்றாங்க." பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை மடித்துக் கூடையில் போட்டேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகப் பெரியவரிடம் போனேன்.

"ஐயா, நீங்க பண்றது நியாயமான போட்டியே இல்ல."

"போட்டியா? யாரோடங்க?"

"எங்களோட! சும்மா குடுத்தா நாங்க எப்படிங்க விக்கிறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மொதல்ல சாப்பிடுங்க தம்பி, பசியில கோவம் ஜாஸ்தியா வரும்" என்று ஒரு தொன்னையை நீட்டினார். சாப்பிட்டேன். இன்னொரு தொன்னையும் சாப்பிட்டேன். (அப்பளம் அருமை.) அந்தத் தெம்பில், வரிசை அறிவிப்புக்காக வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தேன்.

"பக்தர்களே! போட்டி நியாயமா இருக்கணும்னா எல்லாரும் ஒரே கோட்டுலேர்ந்து ஓடணும். ஒருத்தருக்கு எல்லாமே சும்மா கெடைக்குது, இன்னொருத்தர் எல்லாத்துக்கும் காசு குடுக்கறார்னா, அதுக்குப் பேரு போட்டியா?"

"அதையேதான்பா நானும் கேக்கணும்னு இருந்தேன்!" என்று ஒரு குரல். செல்வி அக்கா, கையில் கரண்டியோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஆட்டோ வாடகை, கேஸு, கூட வேலை செய்ற பொண்ணுக்குக் கூலி, எல்லாம் நான் குடுக்கறேன். உனக்கு எடம் சும்மா, கரண்ட்டு சும்மா. ஆக்கிப் போட்டவங்களுக்கு இன்னா குடுத்த?"

மைக்கைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. "அது... எங்க அம்மாவும் அண்ணியும்தான்..." என்று நான் முனகியது நான்கு திசையிலும் ஒலித்தது.

"அப்ப அவுங்க உனக்குப் போட்டது அன்னதானம். அதை வெச்சு நீ யாவாரம் பண்ற. இவுரு வந்து ஒரு மணி நேரத்துலயே உனக்கு வலிக்குதே, காலையிலேர்ந்து நான் உன் பக்கத்துலயே நிக்கிறேனே!"

வரிசையிலிருந்து இன்னொரு குரல். "ஆமா கொழுந்தனாரே, எனக்கு இன்னா குடுக்கப் போறீங்க?" எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். பந்தலே சிரித்தது. மண்டிக்காரர் மட்டும் பெருந்தன்மையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது. செல்வி அக்காவின் பாத்திரத்தில் சோறு அப்படியே கிடந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் வெற்றி என்று நினைத்து. புத்தகத்தில் சந்தைக்கு வருகிறவன் தனி ஆள். நிஜத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு சித்தப்பா நிற்கிறார், அல்லது நிற்பதில்லை. போட்டி தொடங்குவதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது.

அதன்பிறகு கடையை அண்ணி எடுத்துக்கொண்டார். முதலில் பேனரைக் கழற்றினார். பிறகு விலையை அழித்து நாற்பது என்று எழுதினார். மூன்று மணிக்குப் பந்தலில் சோறு தீர்ந்தது. சாயங்காலக் கூட்டம் இரண்டு கடைக்கும் பிரிந்து வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் செல்வி அக்காவின் பாத்திரம் காலி. எங்கள் கூடையும் காலி என்று நிமிர்ந்தேன்.

அண்ணன் வந்து கூடையின் அடியில் கையைவிட்டான். அப்பளத்துக்காகத் திரும்பி வந்த பொட்டலம் ஒன்று கிடந்தது. அவன் அதைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "புளி கொஞ்சம் கம்மி. திங்கக்கிழமை அஞ்சு மணி பஸ்ஸு" என்றான்.

ஐந்து வருடம் கழித்துத்தான் வாத்தியாராக ஊருக்குத் திரும்பினேன். அதற்குள் அந்தக் கதை எனக்கு முன்னால் ஊரெல்லாம் சுற்றி வந்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணியே அதை விலாவாரியாகச் சொன்னார். இன்றைக்கும் தட்டின் முன் உட்கார்ந்து "சோறு போடு" என்று நான் சொன்னால், என் மனைவி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, "அன்னதானமா, யாவாரமா?" என்பாள்.

எம்.ஏ. படித்த நான் எழுந்துபோய் அவளுக்கும் ஒரு தட்டு எடுத்துவைக்கிறேன்.