தூக்குவாளியின் அடியில் இருந்த டெபாசிட்

உலகத்திலேயே தன் சொத்து விவரத்தைச் சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்தவர் ஒரே ஒருவர்தான். காரைக்குடியில் எங்கள் தெருவே அவரை 'எவர்சில்வர்' என்று கூப்பிட்டது. எனக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. நான் அப்பா என்று கூப்பிட்டாக வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பஞ்சர் ஒட்டிப் பிழைக்க ஆரம்பித்து, தொண்ணூறுகளில் சொந்த டயர் பட்டறை, இரண்டு லாரி, தெருவிலேயே முதல் டெலிபோன் என்று நிமிர்ந்து நின்றவன். எத்தனையோ அதிகாரிகளைச் சமாளித்திருக்கிறேன். தோற்றது இந்த ஒரு மனிதரிடம்தான். டெலிபோனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மணியடிக்க மாசாமாசம் காசு கட்டுறியாக்கும். கோயில்ல சும்மாவே அடிக்கிறாகளே!"

அவருடைய ஜென்மப் பகை கரையான். ஒரு தடவை வயல் பத்திரத்தைக் கரையான் தின்றுவிட, நகல் வாங்க ஆறு மாதம் அலைந்தார். அன்றோடு காகிதத்தின் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரை வீட்டுக்கு வரவழைத்து எல்லா நம்பரையும் வெட்டச் சொல்லிவிட்டார். நிலத்தின் சர்வே நம்பர் அண்டாவில். பேங்க் கணக்கு சொம்பில். இன்சூரன்ஸ் நம்பர் கரண்டியில் இடம் போதாமல், மிச்சம் ஜல்லிக்கரண்டியில். அவர் தண்ணீர் குடிக்கிற டம்ளரை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதை விளக்குவதும் அவரேதான்.

பிறகு நெஞ்சுவலி வந்தது. திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன் என்றார்கள். புஞ்சையை விற்ற பணம் முழுக்க அவர் ஒருவர் பேரில் பேங்க்கில் டெபாசிட்டாகக் கிடந்தது. ஏதாவது ஆகிவிட்டால் ஆத்தா ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் போய் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பேரையும் சேர்த்துவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். டெபாசிட் ரசீது இருந்த இடத்தில் ஒரு படி மண் இருந்தது.

"பாத்தியா? நான் சொன்னப்ப நம்புனியா?" என்றார் அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, பரம சந்தோஷமாக. "நம்பரு தூக்குவாளி அடியில இருக்கு, போய்ப் பாரு."

"வாளி எங்க ஆத்தா?"

"கண்டனூர்ல கல்யாணம்னு பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. குடுத்துவிட்டேன்."

"டெபாசிட்டையா குடுத்துவிட்ட?"

"சாம்பார் ஊத்தத்தானேப்பா கேட்டா. இல்லேன்னா சொல்ல முடியும்?"

கண்டனூரில் அரண்மனை மாதிரி வீடு. பந்தி நடந்துகொண்டிருந்தது. வாளிகள் நாற்பதாவது இருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தேன். சமையல்காரர் ஓடி வந்தார்.

"அண்ணே, பசிச்சா பந்தியில உக்காருங்க. வாளிய எதுக்குக் கவுக்குறீக?"

"எங்க அப்பாவோட டெபாசிட்டத் தேடுறேன்."

"இது சாம்பார். அங்குட்டு இருக்கிறது ரசம். டெபாசிட்டு நாங்க போடலையே!"

கிடைத்தது. ரசம் தளும்புகிற வாளி. நம்பரை வாசித்து முடிப்பதற்குள் பாதி ரசம் என் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

நம்பரை எழுதிக்கொண்டு பேங்க்குக்குப் போனால் போதும். அப்பா விடுவாரா? வாளியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினார். மேனேஜர் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார். "சரியா இருக்குய்யா," என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் இரண்டு லாரியையும் அந்தப் பார்வையிலேயே ஏலம் போட்டுவிட்டார். எப்படியோ, ஆத்தா பேர் ஏறியது.

திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் அந்த டம்ளரை ஆத்தாவிடம் கொடுத்தார். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இதுல உள்ள நம்பரப் பாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இன்னொரு டெபாசிட்டா? இதையும் சொல்லாம வச்சிருந்தீகளா? எந்த பேங்க்?" என்று பிடுங்கித் திருப்பினேன்.

என் பட்டறை டெலிபோன் நம்பர்.

"கத்தாதடா, ஆஸ்பத்திரி," என்றார் அப்பா.

அதற்கப்புறமும் ஆறு வருஷம் இருந்து என் உயிரை எடுத்துவிட்டுத்தான் போனார். அந்த நம்பர் எப்போதோ மாறிவிட்டது. டம்ளரில் இப்போது நான் தண்ணீர் குடிக்கிறேன். விளக்குவதும் நானேதான்.