நைனாவின் இடது கையும் என் இங்கிலீஷும்

மனப்பாடம் செய்ததை நாலு பேர் முன்னால் ஒப்பிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வியாதியால் பெற்ற அப்பாவின் கையையே பலிகொடுக்கப் பார்த்தவள் நான்.

அப்போது திருப்பதியில் நர்சிங் முதலாண்டு. திங்கட்கிழமை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமை காலை நகரியிலிருந்து போன்: நைனாவுக்குக் காய்ச்சல், புத்தூரில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏறினேன். (கோட்டை ஆஸ்பத்திரி வாசலில்தான் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் கசங்கிவிடுமே!)

கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். எல்லாரும் பவர்லூமை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அத்தைதான் ஆரம்பித்தாள்: "என்னாம்மா படிக்கிற அங்க?"

விடுவேனா? "இன்ஃபில்ட்ரேஷன்" என்று தொடங்கி, ஒரு முழுப் பக்கத்தை மூச்சு விடாமல் இங்கிலீஷில் பொழிந்தேன். பிறகு மனமிரங்கித் தமிழுக்கு வந்தேன்.

"ரத்தக் குழாய்க்குள்ள போவ வேண்டியது வெளிய கசிஞ்சி சதையில தேங்கிக்கினா, அதுக்குப் பேரு அது."

நைனா முகத்தைச் சுளித்தார். பெருமையில் அழுகை வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"குளுக்கோஸ் நல்லா வேலை செய்யுது பாரு," என்றாள் அத்தை. "கை எப்படித் தேறிக்கினு வருது!"

நானும் திரும்பிப் பார்க்காமலேயே தலையாட்டிவிட்டு, "அடுத்தது அறிகுறிகள்" என்றேன். (கடவுளே!)

வீங்கும், இறுகும், சில்லென்று ஆகும். எந்த இடத்தில் என்று காட்டுவதற்காக நைனாவின் இடது கையைத் தூக்கினேன். வீங்கி, இறுகி, சில்லென்று இருந்தது. விரல்கள் பணியாரமாக உப்பியிருந்தன. தறியில் அறுந்த இழையை முடிகிற விரல்கள்!

டிரிப்ஸை மூடினேன். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, "சிஸ்டர்!" என்று அலறினேன். ஓடிவந்த சிஸ்டர் ஊசியை எடுத்துவிட்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். வெறும் சலைன்தான், வீக்கம் வடிந்துவிடும் என்றார். "பாக கனிபெட்டாவம்மா", நல்லாக் கண்டுபிடிச்சேம்மா என்று தெலுங்கில் என்னைப் பாராட்டவும் செய்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

உடனே நைனாவிடம் சண்டைக்குப் போனேன். "வலிக்கலையா? வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"வலிச்சிச்சிமா. நீ இங்கிலீஷ் பேசிக்கினு இருந்த. நடுவுல பூந்தா பரிட்சைக்கு மறந்துடுவியோன்னு பொறுத்துக்கினேன்."

அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.

திங்கட்கிழமை வைவாவில் அதே கேள்வி! அறிகுறிகளைச் சொல்லி முடித்து, "நோயாளியே சொல்லுவாருன்னு காத்திருக்கக் கூடாது மேடம், நாமதான் தொட்டுத் தொட்டுப் பாக்கணும்" என்றேன்.

"இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?"

"எங்க நைனா கையில மேடம்."

வகுப்பிலேயே அன்றைக்கு நான்தான் முதல் மதிப்பெண். போனில் சொன்னபோது, காய்ச்சல் விட்டு வீடு திரும்பியிருந்த நைனா தறிச் சத்தத்தையும் மீறி விசிலடித்தார்.

இப்போது திருப்பதியில் ஒரு வார்டே என் பொறுப்பில் ஓடுகிறது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் நைனா இடது கையை நீட்டிவிடுகிறார்.

"இந்தக் கையக் காப்பாத்துனதே எம் பொண்ணுதான். இன்னா ஒன்னு, லெக்சர முடிச்சிட்டுதான் காப்பாத்துனா."