சூட்டு மெத்தையை எடுத்தது நான்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் குட்டிகளும் நலமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாமாவை வண்டியோடு அனுப்பு. மூட்டை கட்டியாயிற்று.

எங்கள் ஆய்வகத்தில் எலிக்கு மயக்க ஊசி போடுவோம் அல்லவா, ஊசி ஏறியதும் உடம்பைச் சூடாக வைத்திருக்கும் வேலையை மூளை மறந்துவிடும், எலி சில்லிட்டுப் போகும். மூளையில் ஊறும் ரசாயனங்களின் அளவும் மாறும். அதை மெல்லிய குழாயில் எடுத்து அளப்பது என் வேலை. பக்கத்து மேசைக்காரிக்கும் அதே வேலை. இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் நிரந்தர இடம், யார் என்று வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று ஆய்வகத் தலைவி மேடம் அறிவித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய அப்பா அம்மா இருவருமே பேராசிரியர்கள். நம் வீட்டில் பட்டம் என்றால் நான் வாங்கிய ஒன்றுதான். அவள் மேடத்தோடு சிரித்துப் பேசுவாள். நான் மேடம் வந்தால் எலியைப் பார்ப்பேன். அவளுடைய எலிகூட மயக்கத்தில் முப்பத்தேழு டிகிரியில் சுகமாகக் கிடக்கும். என்னுடையது முப்பத்துமூன்றில் விறைத்துக் கிடக்கும். அவள் எலியின் ரசாயன அளவு அசையாது, என்னுடையது பாதாளத்தில்.

நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். அவள் எலிக்கு அடியில், துணிக்குக் கீழே, மின்சாரச் சூட்டு மெத்தை! அவள் போன் பேச வெளியே போனாள். எனக்கு என்ன வந்ததோ, உருவி என் எலிக்குப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவள், தன் எலி குளிர்வதைப் பார்த்து ஏ.சி.யைத் திட்டினாள். மாலைக்குள் என் எலி முப்பத்தேழு, அவளுடையது முப்பத்துமூன்று. ரசாயன அளவும் அப்படியே இடம் மாறிவிட்டது. இரண்டு எலியும் நல்லபடியாக எழுந்துகொண்டன. அவள் வீட்டுக்குப் போன பிறகு மேடம் வந்து எங்கள் இரண்டு பேரின் அளவுத் தாளையும் பார்த்தார், என் மேசைத் துணியைத் தூக்கி மெத்தையையும் பார்த்தார்.

"ஒரே மருந்து, ஒரே அளவு. எல்லாம் மருந்தோட வேலைன்னு நெனச்சேன், குளிரும் சேர்ந்து செஞ்சிருக்கும்மா. மெத்தையை மாத்தி வெச்சுப் பாக்கணும்னு அவளுக்குத் தோணியிருக்கு பாரு."

அவளுக்காம். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். திருடியது நான், பெயர் அவளுக்கு. இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது, சொல்லு?

மாமாவுக்கு வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

உன் தங்கை

பின்குறிப்பு: மாமாவை அனுப்பாதே. இன்று காலை அவள் என் மேசையில் தன் மெத்தையைப் பார்த்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நேரே மேடத்தின் அறைக்குப் போய், "என் மெத்தையை எனக்குத் தெரியாம எடுத்தது இவதான் மேடம்" என்றாள். "அப்போ மாத்திப் பாத்தது நீயா?" என்று மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாற்றிப் பார்க்கவில்லை, திருடினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் இடம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஆனால் அக்கா, மேடத்தின் முகத்துக்கு நேரே, ஒரு வார்த்தை தடுமாறாமல் அவள் எப்படிப் பேசினாள் தெரியுமா? வயிறு எரிகிறது.