ஜீப்ரா கோடுகளை ஒழித்த வரலாறு

நாகரிகத்தின் பாதையில் மனிதகுலம் எடுத்துவைத்த அடிகளிலேயே துணிச்சலானது எது என்று யாராவது கேட்டால், ருமேனியாவின் ப்ருனேஷ்தி நகராட்சி தன் ஜீப்ரா கோடுகளைச் சுரண்டி எடுத்ததுதான் என்று தயங்காமல் சொல்லலாம். மற்ற ஊர்கள் கோடு போட்டுக்கொண்டிருந்தன. ப்ருனேஷ்தி மட்டுமே யோசித்தது.

யோசித்தவர் சாலைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவர் இன்ஜினியர் ட்ரிஃபோன் மகோவெய். இரண்டு ஆண்டுகளில் ஊரில் மூன்று பேர் வண்டியில் அடிபட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அன்கா என்ற இருபத்தொன்பது வயதுப் பெண். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மெத்தை ஏற்றி வந்த வேன் மோதிச் செத்தே போனாள். ஆணையம் நான்கு முறை கூடியது. பிளம் சாராயத்தின் துணையோடு கோப்புகளை ஆராய்ந்த மகோவெய், இதுவரை எவர் கண்ணிலும் படாத ஓர் ஒற்றுமையைக் கண்டுபிடித்தார். மூவரும் அடிபட்டது ஜீப்ரா கோட்டின் மேல்.

“கோடு இருக்குங்கிற நம்பிக்கையிலதான் ஜனங்க ரோட்டுல இறங்குறாங்க. அந்த நம்பிக்கைதான்யா விபத்துக்கே காரணம். அதை எடுத்துட்டா?” என்றார்.

எடுத்துவிட்டார்கள். ஏழு கோடுகளையும் ஒரே வாரத்தில் இயந்திரம் வைத்துச் சுரண்டினார்கள். அன்று முதல் ப்ருனேஷ்தியில் ஜீப்ரா கோட்டின் மேல் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. தலைநகரிலிருந்து பாராட்டுப் பட்டயம் வந்தது.

நகராட்சி வாசலில், கோடு இருந்த இடத்தையொட்டி, ‘எதிர்காலத்தின் சைக்கிள் பாதை’ போடப்பட்டது. பச்சை நிறம். நீளம் நாற்பத்தொரு மீட்டர். நகராட்சிப் படிக்கட்டில் தொடங்கி, நடுவில் ஒரு லிண்டன் மரத்தைச் சந்தித்து, ரொட்டிக்கடைச் சுவரில் முடிந்தது. மரத்தை வெட்டச் சுற்றுச்சூழல் பிரிவு சம்மதிக்கவில்லை. பாதையை வளைக்க வரைபடப் பிரிவு சம்மதிக்கவில்லை. ஆகவே விதி எட்டு பிறந்தது: சைக்கிள் ஓட்டுபவர் மரத்தருகே இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, மரத்தைச் சுற்றி வந்து மீண்டும் ஏற வேண்டும். மேயர் ரிப்பன் வெட்டி, முழுப் பாதையையும் காரில் உட்கார்ந்தபடியே பார்வையிட்டு, அங்கேயே காரை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஊரே அந்த முன்மாதிரியைப் பின்பற்றியது.

இத்தனை சாதனைகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நன்றி கெட்டவனாக இருந்தான். பெயர் செவெரின். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவன். அன்காவின் கணவன்.

அவனுக்கு நஷ்டஈடு வேண்டாம். சிலை வேண்டாம். ஒரே ஒரு வரி வேண்டும். போலீஸ் தன் அறிக்கையை ஜூலையில்தான் எழுதியது. சாலையைப் போய்ப் பார்த்தார்கள், கோடு இல்லை. ‘கடக்கக் கூடாத இடத்தில் கடந்தார்’ என்று எழுதிவிட்டார்கள். விபத்தன்று எடுத்த படங்களில் கோட்டை அவள்மேல் போர்த்திய துணியும் கூட்டத்தின் கால்களும் மறைத்திருந்தன. அறிக்கை அப்படியே நின்றால் குற்றம் செத்தவளுடையது. வேன்காரன் மெத்தை விற்கப் போய்விடுவான்.

செவெரின் மகோவெய்யின் அறைக்குப் போனான்.

“அன்னிக்கு அங்க கோடு இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்.”

“எந்தக் கோடு தம்பி?”

“நீங்க சுரண்டின கோடு.”

“சுரண்டியாச்சுன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படிச் சான்றிதழ் குடுப்பேன்? எங்க பதிவேட்டுல இருக்கிறதை மட்டும்தான் எழுதுவோம்.”

“அப்போ இருந்துச்சே சார்.”

“அப்போ எங்க அப்பாகூடத்தான் இருந்தாரு. அவருக்கு இப்போ ரேஷன் அட்டை குடுக்க முடியுமா?” என்ற மகோவெய், தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு எதிரில் நிற்பவன் யார் என்பது நினைவுக்கு வந்து, சிரிப்பை முறைப்படி நிறைவு செய்தார். “ஒண்ணு பண்ணு. சம்பவத்தை மறுபடி நடத்திப் பார்க்கச் சொல்லி மனு போடு. நானே நிபுணரா வந்து நிக்கிறேன்.”

மனு போட்டான். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, சம்பவம் மறுபடி நடந்தது. போலீஸ் தரப்பில் சார்ஜென்ட் தோரெல் அளவு நாடாவும் அபராதப் புத்தகமும் கொண்டுவந்தார். மகோவெய் தன் ரப்பர் முத்திரையோடு வந்தார். அது இல்லாமல் அவர் கல்யாணத்துக்கும் போவதில்லை. அன்காவாக நடக்க ஆள் வேண்டும். வாரியத்தில் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்த செவெரினையே நடக்கச் சொன்னார்கள். அவளுடைய துணிப்பையையும் அவன் கையில் கொடுத்தார்கள். பையின் ஒரு காது அறுந்திருந்தது.

“வண்டியெல்லாம் நிறுத்த மாட்டீங்களா?” என்று செவெரின் கேட்டான்.

“நிறுத்தினா அது எப்படி நிஜம் மாதிரி இருக்கும்?” என்றார் சார்ஜென்ட்.

நடைபாதை ஓரம் வாளிகளில் பூ வைத்து விற்கும் வெத்தா எழுந்து நின்றாள். பதினொரு வருடமாக அங்கேதான் கடை.

“யோவ் சார்ஜென்ட், இந்த இடத்துலதான்யா கோடு. மூணாவது பட்டையில விழுந்தா அந்தப் பொண்ணு. நான் பார்த்தேன்.”

“நீ என்ன நிபுணரா?”

“கண்ணு இருக்கு. போதாதா?”

“உன் வாளி சைக்கிள் பாதையில இருக்கு. அதுவும் என் கண்ணுல படுது.”

“அதுல நாலு காரு நிக்குதே, அது படலையா? ஓ, ஒண்ணு மேயரோடதா!”

சாட்சியம் ‘பொருத்தமற்றது’ என்று பதிவானது.

செவெரின் இறங்கினான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கியது. ஒரு காரோட்டி ஜன்னலைத் திறந்து, “சாகணும்னா ஆத்துல போய் விழு!” என்று அறிவுரை கூறினார். ஏழாவது அடியில் செவெரின் நின்றான். அன்கா அடிபட்ட இடம். சார்ஜென்ட் அளந்தார், எழுதினார், கை காட்டினார். செவெரின் திரும்பி வந்தான்.

சார்ஜென்ட் இன்னொரு புத்தகத்தைத் திறந்தார். “பேரு சொல்லுங்க.”

“எதுக்கு?”

“கடக்கக் கூடாத இடத்துல கடந்திருக்கீங்க. அபராதம்.”

“நீங்கதானே நடக்கச் சொன்னீங்க?”

“நடக்கச் சொன்னது விசாரணைக்காக. அபராதம் சட்டத்துக்காக. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.”

மகோவெய் தலையசைத்தார். நீதி இவ்வளவு பாரபட்சமின்றிச் செயல்படுவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. “எழுதுய்யா. இதைவிட நல்ல ஆதாரம் என்ன வேணும்? இங்க கோடே கிடையாதுன்னு அவனே நடந்து நிரூபிச்சுட்டான்.”

சார்ஜென்ட் பேனாவை நிறுத்தினார். “சார், ஒரு கட்டம் இருக்கு. ‘இந்த இடத்தில் கடப்பது எந்தத் தேதியிலிருந்து தடை?’ அதைக் காலியா விட்டா சீட்டு செல்லாது.”

“ஜூன் பதினாலு!” மகோவெய்யின் நெஞ்சு நிமிர்ந்தது. தன் வாழ்நாள் சாதனையின் பிறந்தநாளை ஒருவர் கேட்டு அவர் எப்படிச் சொல்லாமல் இருப்பார்? “நானே போட்ட உத்தரவு. எழுதிக்கோ: ‘ஜூன் பதினான்கு வரை இங்கிருந்த ஜீப்ரா கோடு ஆணையத் தலைவரின் உத்தரவுப்படி நீக்கப்பட்டது.’ ஆணையத் தலைவர்னு முழுசா எழுது.”

முழுசாக எழுதப்பட்டது. மகோவெய் கையெழுத்திட்டு, சீட்டின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். செவெரின் அதை வாங்கி இரண்டு முறை படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

வாளிகளுக்குப் பின்னாலிருந்து வெத்தா கேட்டாள்: “ஏன் இன்ஜினியர், மார்ச்சுக்கு அப்புறம்தானே ஜூன் வரும்?”

மகோவெய் விரல் விட்டு எண்ணினார். மூன்றாவது விரலில் முகம் மாறியது.

“தம்பி,” என்றார் மிகுந்த கனிவோடு. “அந்தச் சீட்டைக் குடு. நீ துக்கத்துல இருக்கிற ஆளு. சின்னத் தப்பு. ஆணையம் மன்னிச்சிடும்.”

“வேணாம் சார்.”

“கிழிச்சுப் போட்டுடலாம்யா. எனக்காக.”

“தப்பு பண்ணிட்டேன் சார். தண்டனையை அனுபவிக்கிறேன்,” என்றான் செவெரின். அறுந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடைபாதையோடு நீதிமன்றம் இருக்கும் பக்கமாக நடந்தான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அன்கா செத்த விவகாரத்தில் ப்ருனேஷ்தி இதுவரை தண்டித்த ஒரே ஆள் அவன்தான்.