எந்த ஆட்சி திருந்தும் என்று கேட்ட மருமகனுக்கு

உடையார்கட்டு,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகன் பிரதாபனுக்கு மாமா வீரகத்தி எழுதிக்கொள்வது. முருகன் துணையால் இங்கு யாவரும் சுகம். நீரும் ஒஸ்லோக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன்.

சர்வாதிகாரங்களில் எது திருந்தக்கூடியது, மன்னராட்சியா, ஒரு கட்சி ஆட்சியா, தனிமனிதர் ஆட்சியா என்று உமது ஆராய்ச்சிக்காகக் கேட்டிருந்தீர். மூன்றும் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கோயில் நிர்வாகம் மன்னராட்சி. தகப்பனுக்குப் பிறகு இப்போது மகன் தவராசா. விடியப்புறம் ஒலிபெருக்கி போடவேண்டாம் என்று போய்ச் சொன்னேன். "அண்ணை சொன்னாச் சரிதான்" என்று கையைப் பிடித்துப் பஞ்சாமிர்தமும் தந்தார். மறுநாள் ஒலிபெருக்கி இரண்டாகியது, ஒன்று என் வீட்டைப் பார்த்தபடி. ஊர்ச் சங்கம் ஒரு கட்சி ஆட்சி. தலைவர் செயலாளராவார், செயலாளர் தலைவராவார், கதிரைதான் மாறும். தெருவிளக்கு கேட்டேன். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது, விளக்கு வரவில்லை. வாய்க்கால் தண்ணீர் பரமலிங்கம் என்ற தனிமனிதர் கையில். கடைசி வயல்காரன் நான், பயிர் காய்ந்தபோது கெஞ்சினேன், அசையவில்லை. பிறகு தானாக மனம் இளகித் திறந்துவிட்டார். அறுவடைக்கு வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்குகிற அன்றுதான் இளகியது. ஆகவே தனிமனிதர் திருந்துவார், எப்போது என்பதை அவரே தீர்மானிப்பார்.

எங்கள் வீடும் சர்வாதிகாரம்தான் என்று என் மகள், உமது மச்சாள் மேனுகா சொல்கிறாள். மட்டக்களப்பில் கம்பஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, நாளை பதிவு. நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "வவுனியாவில படியன்" என்று நான் சொன்னால், "அங்க எனக்கு இடம் தரேல்லையப்பா" என்கிறாள். ஷெல் குண்டு விழுந்த போர் நாட்களில் அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இந்த ஊரை விட்டு ஓடினவன் நான். இறக்கிவிட்டால் காணாமல் போய்விடுவாள் என்ற பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இதற்குப் பெயர் சர்வாதிகாரம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வீரகத்தி வீட்டு ஆட்சியில் ஒரு மாற்றமும் வராது என்று உமது ஆராய்ச்சியில் தாராளமாக எழுதலாம்.

உமக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் நல்ல சுகத்தையும் நல்ல புத்தியையும் தரட்டும். சனிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகத் தவறவேண்டாம்.

இப்படிக்கு,
மாமா வீரகத்தி

பி.கு.: தம்பி, இது நேசமலர் மாமி. மாமா ஒட்டச் சொல்லித் தந்த கடிதத்தில எழுதுறன். எழுதத் தொடங்கினால் மாமா தலை நிமிரமாட்டார் எண்டு தெரிஞ்சுதான், இண்டைக்கு உமக்குப் பதில் எழுதச் சொன்னனான். அந்த நேரத்துக்குள்ள மேனுகாவை மட்டக்களப்புக்கு பஸ் ஏத்திவிட்டிட்டு வந்திட்டன். சாரங்கா எண்ட சிநேகிதப் பிள்ளையும் கூடப் போகுது. வீட்டால வெளிக்கிடேக்க மேனுகா பெட்டியைக் கீழ வைச்சிட்டு, யன்னலால தகப்பனைப் பார்த்துக்கொண்டு நிண்டவள். "அப்பாட்டச் சொல்லிப்போட்டுப் போகட்டே" எண்டு கேட்டவள். நான்தான் வேண்டாம் எண்டனான். இவருக்கு இன்னும் சொல்லேல்லை. முதல்ல சாப்பிடட்டும்.