வலப்பக்கம் மேலே மூடிய கோட்டு

உயிரே போனாலும் என் அலமாரியை விட்டுக்கொடுப்பதில்லை என்று இந்த ஆகஸ்டில் முடிவு செய்தேன்.

ஜப்பானில், கோபே நகரத்தில் எங்கள் வீடு தீப்பெட்டி அளவு. அதில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு சுவர் அலமாரி. அதற்குள் பதினொரு தூண்டில், இரண்டு மீன்பெட்டி, ஒரு ரப்பர் கால்சட்டை. மீதி வீடு முழுக்க என் மனைவி சிஸுருவின் ஆட்சி. வெளியில் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊருக்கே பார்வை தருகிறவன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஆகஸ்டில், தார் உருகுகிற வெயிலில்தான் கடைத்தெருவில் இலையுதிர்கால, குளிர்கால உடைகள் வந்து இறங்கும். எல்லாம் பெரிய வடிவமைப்பாளர்களின் புது வரவு. சிஸுரு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், வந்துவிடுவாள். இருபத்தெட்டு வருஷமாக அவ்வளவுதான். இந்த வருஷம் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டின் முன்னால் மூன்று நாள் நின்றாள். அப்புறம் வீட்டுக்கு வந்து என் அலமாரி முன்னால் நின்றாள்.

"என்ன பாக்கறே?"

"ஒரு முழம் இடம் கிடைக்குமான்னு பாக்கறேங்க."

"தூண்டிலுக்கே பத்தலை."

"மாட்டி வைக்கறதுக்கு மட்டும் பதினொண்ணு. இதுவரைக்கும் ஒரு மீனாவது வீட்டுப் படி ஏறியிருக்கா?"

மறுநாள், பன்னிரண்டாம் தேதி, நானும் அவளோடு போனேன். தலையில்லாத பொம்மை ஒன்று அந்தக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு நின்றது. அப்போதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. எனக்குத் திட்டம் கிடைத்துவிட்டது.

"சிஸுரு, கோட்டுல எந்தப் பக்கம் மேல இருக்கு, பாரு."

"வலப்பக்கம்."

"கிமோனோவை வலப்பக்கம் மேல வச்சு யாருக்கு மூடுவோம்?"

பிணத்துக்குத்தான் அப்படி மூடுவோம் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"நாளைக்கு ஓபோன் ஆரம்பம். செத்தவங்க வீடு தேடி வர்ற நாள். இது எவளோ செத்துப்போன ஒருத்தி தனக்குன்னு சொல்லி வச்ச கோட்டு. வந்து எடுத்துக்குவா. ஆசைப்பட்டுப் பாத்தவங்க வீட்டுக்கும் பின்னாலயே வருவா."

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"கடைக்கு வர்றவங்க பேசிக்கிட்டாங்க."

சிஸுரு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாங்க, போயிடலாம்" என்றாள். பயந்துவிட்டாள் என்று எனக்கு ஏக சந்தோஷம். போகும்போது திரும்பிப் பார்த்தேன். கோட்டின் ஒரு கை மட்டும் லேசாக ஆடியது. குளிர்சாதனக் காற்றாக இருக்கும்.

பதிமூன்றாம் தேதி அந்தி. மூதாதையருக்கு வழி காட்ட வாசலில் சிறு நெருப்பு மூட்டினோம். புகை மேலே போகாமல் வீட்டுக்குள் வளைந்தது. நான் உள்ளே போய் அலமாரிக் கதவை நகர்த்தினேன். தூண்டில்களுக்கு நடுவே ஒரு முழம் காலியாக இருந்தது. அதில் ஒரு வெறும் ஹேங்கர் தொங்கியது.

"நீ தொட்டியா?"

"அந்தக் கதவைத் தொட்டா வெட்டிருவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பதினான்காம் தேதி இடைவெளி இரண்டு முழமானது. கதவை நகர்த்தியதும் குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே பனிக்காலம். பக்கத்து வீட்டு குராமொச்சி அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்திருக்கறது உங்க வீட்ல இடம் தேடுது தம்பி. முழுசா விட்டுக் கொடுத்துட்டா ஓபோன் முடியற பதினாறாம் தேதி தானா போயிடும். அரைகுறையா கொடுத்தா..." என்று நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினைந்தாம் தேதி கடைத்தெருவுக்கு ஓடினேன். பொம்மை வெறும் உடம்போடு நின்றது. உள்ளே போய் விற்பனைப் பெண்ணைக் கேட்டேன்.

"பதிமூணாந்தேதியே ஒரு அம்மா வாங்கிட்டாங்க. மடிக்க வேண்டாம்னு சொல்லி, போட்டுக்கிட்டே போனாங்க."

"இந்த வெயில்லயா?"

"ஆமாங்க. ஒரு பொட்டு வேர்வை இல்லை. 'வீட்டுல எனக்கு இடம் ஒழிச்சிட்டிருக்காங்க'ன்னு சிரிச்சாங்க."

"ஆள் எப்படி இருந்தாங்க?"

"ஐம்பது வயசு இருக்கும். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம்."

இடது காதுக்குக் கீழே மச்சம்! அப்படி ஒருத்தியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. நான் கட்டிவிட்ட கதையே என்னைத் தேடி வருகிறது என்றால் யாரிடம் போய் அழுவது?

பதினாறாம் தேதி காலையிலேயே என் கையால் அலமாரியைக் காலி செய்தேன். பதினொரு தூண்டிலும் குளியலறைக்குப் போயின. அலமாரித் தட்டை ஈரத் துணியால் துடைத்து, கும்பிட்டு, ஒரு சோற்று உருண்டையும் வைத்தேன். அந்தியில் மூதாதையரை வழியனுப்பும் நெருப்பை அணைத்துவிட்டு வந்து, கதவை ஒரு விரல் அளவு நகர்த்திப் பார்த்தேன்.

கறுப்புக் கோட்டு தொங்கியது. வலப்பக்கம் மேலே. சோற்று உருண்டையைக் காணோம்.

நான் போட்ட கூச்சலுக்குச் சிஸுரு நிதானமாக வந்தாள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பொத்தான் போட்டாள்.

"எல்லாப் பொம்பளைங்க கோட்டும் இந்தப் பக்கம்தாங்க மூடும். வருஷா வருஷம் என் பழைய கோட்டைப் போட்டுக்கிட்டு நான் உங்க பக்கத்துலதானே நடக்கறேன்? இது இத்தனை நாளும் குராமொச்சி அம்மா வீட்ல இருந்துச்சு. இப்ப நீங்க வாசல்ல நெருப்பை அணைக்கறப்ப மாட்டி வச்சேன்."

"அந்தக் குளிர்?"

"உங்க மீன்பெட்டியில நான் ஐஸ் நிரப்பி வச்சேன். இப்பவாவது ஒரு வேலைக்கு ஆச்சே."

கழுத்துப்பட்டையைச் சரி செய்யக் கூந்தலை ஒதுக்கினாள். இடது காதுக்குக் கீழே மச்சம்.

"அது... எப்ப வந்துச்சு?" என்றேன்.

"பொறந்தப்பவே."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம். அதுவும் கண்ணாடிக் கடைக்காரன். பேச்சை மாற்றுவதற்காக, "உனக்குத்தான் ஒரு முழம் போதுமே, மீதி இடத்துல தூண்டிலை வச்சிக்கட்டுமா?" என்று குழைந்தேன்.

சிஸுரு காலி அலமாரியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள். "அந்தக் கடையில இன்னும் ஆறு பொம்மை நிக்குதுங்க. நாளைக்கு நீங்களும் வாங்க. எதெது வலப்பக்கம் மூடுதுன்னு நீங்க பாத்துச் சொன்னாத்தானே எனக்கும் தெரியும்?"